மனம் ஆறாதோர் பிரிவு

தொழிற்சாலை ஆய்வு இயக்ககத்தின் இரண்டாம் மாடியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்க மற்ற மாடிகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

இணை ஆய்வாளர் தமயந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். தலைமை எழுத்தர் தெய்வநாயகம் கையில் ஒரு தம்ளர் தண்ணீரோடு, பாம்புக்குப் பால் வைக்கப் போகிறவர் மாதிரி அந்தப் பெண்ணிடமிருந்து நாலடி தள்ளி நின்றிருந்தார்.

"உடம்புக்கு என்னமோ பண்ணுது மேடம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்."

"என்ன பண்ணுதாம்?"

"கண்ணுலேர்ந்து தண்ணி நிக்கவே இல்ல. மூச்சு வாங்குது. அப்பப்ப நெஞ்சுல வேற அடிச்சுக்கறாங்க."

"நாயகம், அவங்க அழறாங்க."

"அழறாங்களா?" அவர் தம்ளரை மேஜைமேல் வைத்தார். "எதுக்கு?"

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஏழு மாதக் கர்ப்பம். புடவைத் தலைப்பு முழுக்க நனைந்திருந்தது. "முறையீடு குடுக்கணும்னு வந்தேன். எந்த கவுண்ட்டர்னு கேட்டா ஆளாளுக்கு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறாங்க," என்றாள்.

பார்க்காமல் என்ன செய்வார்கள்? தரைத்தளத்தில் 'மனம் ஆறாதோர் பிரிவு' என்ற பித்தளைப் பலகை இன்னும் தொங்குகிறது. அதற்குக் கீழே இருந்த ஜன்னலை அடைத்துக் காப்பி இயந்திரம் வைத்து ஆறு வருடமாகிறது. காப்பி நன்றாகவே இருக்கும்.

சேந்தீவுக்கு அது ஏறுகாலத்தின் பதினைந்தாம் ஆண்டு. ஏறுகாலம் என்ற பெயரைப் பத்திரிகைகள்தான் வைத்தன. பிறகு பள்ளிப் பாடப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. வெறும் உப்பளங்களாகக் கிடந்த தீவு. உப்பிலிருந்து சோடியம் எடுத்து மின்கலம் செய்யலாம் என்று தெரிந்ததும் உலகம் முழுதும் இங்கே வந்து வரிசையில் நின்றது. குடிசை ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. பசி போயிற்று. மருத்துவம் இலவசம், படிப்பு இலவசம். முன்பு உப்பு அரித்துப் புண்ணான பாதங்களோடு நடந்தவர்கள் மின்தூக்கியில் பதினாறாம் மாடிக்குப் போனார்கள். எதுவும் பொய்யில்லை. உண்மையாகவே எல்லாரும் நன்றாக இருந்தார்கள்.

ஒரே ஒரு தடங்கல்தான் இருந்தது. சேந்தீவில் ஒருவர் செத்தால் சொந்தபந்தம் மொத்தமும் பதினாறு நாள் வேலைக்குப் போகாது. உலைகள் பதினாறு நாள் காத்திருக்குமா? அதற்குத்தான் ஆறுதல் ஊசி வந்தது. தோளில் போட்டால் ஆறு மணி நேரத்தில் துக்கம் வடிந்துவிடும். ஞாபகம் போகாது, செத்தவர் முகம், குரல், பழக்கவழக்கம் எல்லாம் அப்படியே இருக்கும். வலி மட்டும் இருக்காது. மறுநாள் காலை குளித்துவிட்டு வேலைக்குப் போகலாம்.

தமயந்தி அந்தப் பெண்ணைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

பெயர் பூங்கோதை. கணவன் தணிகைவேல். கீழைக்கரை மின்கல ஆலையில் வார்ப்பாளன். இறந்து பன்னிரண்டு நாளாகிறது.

"ஊசி போடலையா உங்களுக்கு?"

"வயித்துல புள்ள இருக்கில்ல. போடக்கூடாதாம். பிரசவம் ஆனதும் போடுறேன்னு சொல்லியிருக்காங்க." மூக்கை உறிஞ்சினாள். "அதுக்குள்ள கேக்கணும் மேடம். என் புருஷன் ஏன் செத்தாருன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நான் கேட்டா, பாவம் அவளுக்கு இன்னும் ஊசி போடலன்னு பேசிக்கறாங்க."

"எந்தக் கூடம்?"

"மூணாவது வார்ப்புக் கூடம்."

தமயந்தி பேனாவை மூடிவைத்தாள். மூன்றாவது வார்ப்புக் கூடம் அவளுக்குத் தெரியும். மூன்று வருடம் முன்னால், இருபத்திரண்டு வயதில், அவள் மகன் பரிதி அங்கேதான் செத்தான். மேலே ஓடும் குளிர்நீர்க் குழாயின் இணைப்பு கசிந்து, உருகிய சோடியத்தில் தண்ணீர் சொட்டியதாக அப்போது யாரோ சொன்னார்கள். சோடியத்துக்குத் தண்ணீர் ஆகாது. ஒரு கரண்டி போதும், கூடமே வெடிக்கும். அவள் அன்று சாயங்காலமே ஊசி போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் வேலைக்கு வந்தபோது இந்த மாடியில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இப்போது பழைய வீட்டின் கதவு எண்ணை நினைத்துப் பார்ப்பதுபோல் அதை நினைத்துப் பார்த்தாள்.

"அவருக்கு எப்படி ஆச்சாம்?"

"மேலேர்ந்து தண்ணி சொட்டுச்சாம்," என்றாள் பூங்கோதை.

தமயந்திக்கு நெஞ்சு வலிக்கவில்லை. ஆனால் எங்கேயோ எதுவோ கூசியது. துக்கத்துக்கு ஊசி உண்டு. கூச்சத்துக்கு இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

"சட்டம் தெரியுமாம்மா? நீங்க ஒருத்தர் மட்டும் குடுத்தாப் பத்தாது. ரெண்டு பேர் வேணும். கல்யாணமானவர்னா மனைவியும், ரத்த உறவுல ஒருத்தரும். பதினாறு நாளுக்குள்ள. கையில உப்பு வச்சு, 'என் மனம் ஆறவில்லை'ன்னு சத்தியம் பண்ணணும். பண்ணிட்டா அந்த நிமிஷமே கூடத்த மூடுவோம். தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சு சரி பண்ற வரைக்கும் திறக்க முடியாது."

"முறையீடு இல்லேன்னா?"

"நாங்க உள்ளயே போக முடியாது."

உப்பளக் காலத்தில் எழுதிய சட்டம் அது. ஒரு சாவுக்கு நியாயம் கேட்க அதிகாரி தேவையில்லை, செத்தவனைப் பெற்றவளின் வயிற்றெரிச்சல் போதும் என்று நம்பியவர்கள் எழுதியது. ஏறுகாலத்தில் எத்தனையோ சட்டங்களைத் திருத்தினார்கள். இதைத் தொடவில்லை; உப்புச் சத்தியம் புனிதமானது அல்லவா? சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் வயிற்றெரிச்சலை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஊசி வருமுன் ஆலைகளில் ஆண்டுக்கு முப்பத்தெட்டுச் சாவுகள், ஏறக்குறைய அத்தனைக்கும் முறையீடு. போன ஆண்டு ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் சாவுகள். முறையீடு ஒன்றுகூட இல்லை.

அந்த அட்டவணை தமயந்தியின் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. தினமும் அதன்மேல்தான் காப்பிக் கோப்பையை வைப்பாள்.

"அவருக்கு அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இருக்காங்க." பூங்கோதையின் முகம் கோணிற்று. "ரொம்ப நல்லா இருக்காங்க."

* * *

புறப்படுகிற நேரம் பார்த்து இயக்குநர் மாசிலாமணி கூப்பிட்டார். இரண்டாம் மாடியில் ஒரு தும்மல் போட்டால்கூட நாலாம் மாடியில் இருக்கும் அவருக்குச் செய்தி போய்விடும்.

"யாரோ ஒரு பொண்ணு வந்து கலாட்டா பண்ணுச்சாமே?"

"கலாட்டா இல்ல சார். முறையீடு."

"அடடா." உண்மையாகவே இரக்கப்பட்டார். "பாவம். அன்பாப் பேசி அனுப்பிவை தமயந்தி. இன்னும் நாலு நாள்தானே? தானாக் காலாவதி ஆயிடும். மூணாவது கூடத்த நிறுத்தினா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். நீ சாதாரண ஆளா? ஊசிய ஆலை வாசல்லயே போடலாம்னு குறிப்பு எழுதினவளே நீதான். அந்த ஒரு குறிப்பு நாட்டுக்கு எவ்வளவு நல்லது பண்ணிருக்கு!"

அது நிஜம். பதினோரு வருடம் முன்னால், ஆலை வாசலில் ஒரு தாய் இரும்புக் கதவில் தலையை முட்டிக்கொண்டதை அவள் பார்த்தாள். ரத்தம் வழிய வழிய முட்டினாள். அன்றே ஒரு பக்கக் குறிப்பு எழுதினாள்: 'உறவினர் மருத்துவமனைக்குச் செல்லும் வரை காத்திராமல், செய்தி சொல்லும் இடத்திலேயே ஊசி போட்டால் வேதனை குறையும்.' இரக்கத்தில் எழுதியதுதான். அந்த ஆண்டே பதவி உயர்வும் வந்தது.

"பாத்துக்கறேன் சார்," என்றாள்.

* * *

தணிகைவேலின் தாய் அன்னபாக்கியம் பதினான்காம் மாடியில் இருந்தாள். ஐம்பத்தாறு வயது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கதவைத் திறந்ததும் மருமகளைப் பார்த்து, "வா கோதை. சாப்டியா? கண்ணெல்லாம் பாரு, கோவைப் பழம் மாதிரி," என்று அணைத்துக்கொண்டாள். பூங்கோதை மரக்கட்டையாக நின்றாள்.

சுவரில் தணிகைவேலின் படம் இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். அம்மாவின் சிரிப்பு.

"அவனா? பயங்கர வாயாடிம்மா," என்றாள் அன்னபாக்கியம், டீயை ஆற்றிக்கொண்டே. "அஞ்சு வயசுல, பக்கத்து வீட்டுக் கோழிய எங்க வீட்டுக் கோழின்னு சொல்லி மூணு நாள் முட்ட எடுத்துச் சாப்பிட்டான். கேட்டா, கோழியே சும்மா இருக்கு, உனக்கென்னங்கறான்!" சிரித்தாள். "முந்தாநாள் அவனுக்குப் பிடிச்ச நண்டுக் குழம்பு வச்சேன். நல்லா வந்துச்சு. கொஞ்சம் மிச்சம் இருக்கு, சாப்புடுறீங்களா?"

பூங்கோதை எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள்.

தமயந்தி விஷயத்தைச் சொன்னாள். அன்னபாக்கியம் கவனமாகக் கேட்டாள். முட்டாள் இல்லை, ஒரு தடவை சொன்னதுமே புரிந்துகொண்டாள்.

"கையெழுத்துப் போடறதுக்கு என்னம்மா, போட்டுடலாம். ஆனா சத்தியம் பண்ணணும்ங்கறீங்களே. உப்பளத்துல பொறந்தவ நான். உப்பக் கையில வச்சுக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்றீங்களா? எனக்கு மனசு ஆறித்தான் இருக்கு. சந்தேகமே இல்ல. அவன் போயிட்டான். நல்ல புள்ள. அவ்வளவுதான். இவ அழறதப் பாத்தாத்தான் பாவமா இருக்கு."

"அது ஊசியாலம்மா."

"எதால இருந்தா என்ன? ஆறித்தானே இருக்கு?"

தமயந்தி வரும் வழியெல்லாம் சொல்லலாமா வேண்டாமா என்று புரட்டிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டாள். "ஊசிக்கு முறிவு மருந்து இருக்கு. எல்லாருக்கும் குடுக்கறதில்ல. ஊசி சேராம உடம்புல தடிப்பு, மூச்சுத்திணறல்னு வர்றவங்களுக்கு மட்டும் குடுப்பாங்க. கேட்டு வாங்கலாம்."

"அதப் போட்டா?"

"ஊசி போடாம இருந்திருந்தா எப்படி இருந்திருப்பீங்களோ, அப்படி ஆயிடுவீங்க."

அன்னபாக்கியம் பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பூங்கோதையின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

"இந்த மாதிரியா?"

"ஆமா. பெத்தவங்களுக்கு இன்னும் கூடுதலா இருக்கலாம்."

"அடேயப்பா." டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். "எதுக்கும்மா இத நான் வாங்கிக்கணும்? அவன் திரும்பி வரவா போறான்?"

"வரமாட்டார். ஆனா அந்தக் கூடத்துல இப்ப ஒரு ஷிஃப்ட்டுக்கு நூத்திப் பன்னிரண்டு பேர் நிக்கறாங்க. அதே குழாய்தான் இன்னும் மேல ஓடுது."

அன்னபாக்கியம் தம்ளரைச் சற்றுத் தள்ளிவைத்தாள். பிறகு தமயந்தியை நேராகப் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை. சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவளின் கவனம் இருந்தது.

"உங்க வீட்டுல யாராவது போயிருக்காங்களா?"

"என் மகன். மூணு வருஷம் ஆச்சு. அதே கூடத்துல."

"ஊசி போட்டீங்களா?"

"போட்டேன்."

"முறையீடு குடுத்தீங்களா?"

"இல்ல."

"ஓ," என்றாள் அன்னபாக்கியம். அந்த ஒரு எழுத்தில் குற்றம்சாட்டுகிற தொனி துளிகூட இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று தமயந்திக்குத் தோன்றியது. "அப்ப ஒண்ணு பண்ணுங்கம்மா. அந்த முறிவு மருந்த மொதல்ல நீங்க போட்டுக்கிட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க. தாங்கற மாதிரி இருந்தா நானும் போட்டுக்கறேன்."

* * *

டாக்டர் யூசுப் ஆறுதல் மருத்துவமனையில் பன்னிரண்டு வருடமாக இருப்பவர். தமயந்தியின் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் வாங்கி, தீப்பெட்டி அளவு கருவிக்குள் தள்ளினார். கருவி ஒரு பச்சைக் கோடு காட்டிற்று.

"உங்களுக்கு முறிவு மருந்து தேவையில்ல மேடம்."

"நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன் டாக்டர். என் பொறுப்பு."

"அதுக்கில்ல. உங்க உடம்புல மருந்தே இல்ல. எத முறிக்கறது?"

"மூணு வருஷம் முன்னாடி போட்டது."

"அதான். தொண்ணூறு நாள்ல கரைஞ்சு போயிடும்."

தமயந்திக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. "யாருக்கு?"

"எல்லாருக்கும்தான். சட்டத்துக்குப் பதினாறு நாள், மருந்துக்குத் தொண்ணூறு நாள். அதுக்கு மேல நிக்கற மாதிரி ஒரு மருந்து செய்ய எங்களுக்குத் தெரியாது. யாரும் கேக்கவும் இல்ல."

"தொண்ணூறு நாளைக்கு அப்பறம்?"

"துக்கம் வரலாம். சிலருக்கு வருது. நூத்துல ஒரு பத்துப் பேர். தூக்கமில்ல, சோறு எறங்கலன்னு வருவாங்க. மறுபடி ஒரு ஊசி போட்டு அனுப்புவோம்."

"மீதித் தொண்ணூறு பேர்?"

யூசுப் கருவியைத் துடைத்தார். தேவைக்கு மேல் துடைத்தார். "அதுக்குள்ள புது வீடு வந்துடுது. வேலை இருக்கு, பிள்ளைங்க படிப்பு இருக்கு. துக்கம் வந்து கதவத் தட்டிப் பாத்துட்டுப் போயிடும்போல. பழகிடறாங்க."

"இத ஏன் யாருக்கும் சொல்லல?"

"மொத ரெண்டு வருஷம் சொல்லணும்னு நெனச்சேன் மேடம். அப்பறம் யாருமே திரும்பி வந்து கேக்கல. எல்லாரும் ஊசின்னு நம்பிக்கிட்டு நிம்மதியா இருந்தாங்க. அந்த நம்பிக்கையக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்." நிமிர்ந்து பார்த்தார். "என்னையும் அந்தத் தொண்ணூறுல சேத்துக்குங்க."

தமயந்தி எழுந்துகொள்ளவில்லை. அவள் கணவன் திருநாவுக்கரசின் ஞாபகம் வந்தது. பரிதி போய் நாலாவது மாதம் ஒரு மத்தியானம் அவன் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் திடீரென்று குலுங்கி அழுதான். "தமயா, என்னமோ பண்ணுதுடி. அவன் செருப்பு வாசல்லயே கெடக்குது பாருடி," என்றான். ஊசி சரியாகப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்தாள். அன்றே அவனை இதே மருத்துவமனைக்குக் கூட்டிவந்து, தோளைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது ஊசி போட வைத்தாள். அதன்பின் ஒவ்வொரு நாலாம் மாதமும் தானாகவே வந்து போட்டுக்கொள்வான். இந்த வாரம்கூடப் போட்டுக்கொண்டான்.

பழுதுபட்டது அவன் என்று அத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"டாக்டர், அப்படின்னா ரெண்டே முக்கால் வருஷமா எனக்கு ஒண்ணும் தோணாம இருந்தது..."

"அது மருத்துவக் கேள்வி இல்ல மேடம்," என்றார் யூசுப் மெதுவாக.

* * *

பொய் சொல்லியிருக்கலாம். 'போட்டுக்கிட்டேன்மா, வலிக்குது, ஆனா தாங்கலாம்' என்று இரண்டு வரி. நூற்றுப் பன்னிரண்டு உயிருக்காகச் சொல்கிற பொய். மின்தூக்கி பதினான்காம் மாடிக்கு ஏறுவதற்குள் அந்த இரண்டு வரியையும் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். நன்றாகவே வந்தது.

அன்னபாக்கியம் கதவைத் திறந்தாள். "வாங்கம்மா. எப்படி இருக்கு?"

"எனக்குப் போட மாட்டேன்னுட்டாங்க," என்றாள் தமயந்தி. வாசலிலேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். தொண்ணூறு நாள் கணக்கைச் சொன்னாள். நூற்றில் பத்துப் பேரைச் சொன்னாள். கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டதையும் சொன்னாள். "எனக்கு முறிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா. எப்படி இருக்கும்னு என்னால உங்களுக்குச் சொல்ல முடியாது. தெரியல."

உள்ளே சோபாவில் உட்கார்ந்திருந்த பூங்கோதை எழுந்து வந்தாள். "அப்ப நீங்க அன்னைக்கே கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"ஆமா," என்றாள் தமயந்தி.

"தொண்ணூறு நாள் கழிச்சுக் கேட்டிருந்தாக்கூட..."

"சட்டப்படி கேட்டிருக்க முடியாது. ஆனா சத்தமாவது போட்டிருக்கலாம். குழாயப் பாருங்கடான்னு தெருவுல நின்னு கத்தியிருக்கலாம். நான் ஆய்வாளர். எனக்குத் தெரியாத வழி இல்ல."

பூங்கோதை கையை ஓங்கினாள். தமயந்தி நகரவில்லை, அடி விழ வேண்டும் என்றுகூட விரும்பினாள். ஆனால் கை பாதியிலேயே தொய்ந்து கீழே வந்தது. அடிக்கிற தெம்புகூட மிச்சமில்லாமல் அந்தப் பெண் மாமியாரின் தோளில் சாய்ந்தாள். அன்னபாக்கியம் அவள் தலையைத் தடவிக்கொண்டே, வெகு நிதானமாக எதையோ யோசித்தாள்.

"தொண்ணூறு நாள் கழிச்சு எனக்கும் இறங்கிடும்," என்றாள். "அப்ப வலிக்கும்னு நிச்சயம் இல்ல. அப்படித்தானே?"

"நூத்துல பத்துப் பேருக்குத்தான்."

"வலிக்கலேன்னா அது ஊசி இல்ல. நான்."

தமயந்தி தலையாட்டினாள்.

"என்னைப் பத்தி எனக்குத் தெரியும்மா. நான் சொகுசு கண்டவ. காலு புண்ணாறி மெத்துன்னு ஆனதுலேர்ந்து வெறுங்காலோட வாசப்படி இறங்கினதில்ல. தொண்ணூறு நாள் விட்டா நானும் பழகிக்குவேன்." சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். "உங்களக் குத்திக் காட்டறதா நெனைக்காதீங்க. ஆனா உங்கள மாதிரி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு. ஆஸ்பத்திரி எத்தன மணிக்குத் திறப்பாங்க?"

* * *

பதினைந்தாம் நாள் காலை பத்தேகாலுக்கு டாக்டர் யூசுப் அன்னபாக்கியத்தின் தோளில் முறிவு மருந்தைப் போட்டார். "ஒரு மணி நேரம் ஆகும்," என்றார்.

முதல் அரைமணி அவள் கட்டிலில் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரியோடு கருவாட்டு விலை பேசினாள். பிறகு பேச்சு குறைந்தது. "என்னமோ குளிருது," என்றாள். பூங்கோதை போர்வையைப் போர்த்தினாள்.

"கோதை, அவன் கோழி முட்ட திருடினத சொன்னேனே..."

"சொன்னீங்க அத்தை."

"அன்னைக்கு அவன அடிச்சுட்டேன்டி. விறகுக் கட்டையால அடிச்சேன். சின்ன உடம்பு. அத உங்கிட்ட சொல்லல."

அப்புறம் அது வந்தது.

மருத்துவமனையில் இருந்த எல்லாரும் அதைக் கேட்டார்கள். நர்சுகள் ஓடிவந்தார்கள். வெளியே ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நின்றவர்கள் வரிசையை விட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். அந்த அலறலில் பேர் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்ப மகன் பேர். பூங்கோதை அவளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதாள். பதினைந்து நாளில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு துணை கிடைத்திருந்தது.

தமயந்தி கதவோரம் நின்று பார்த்தாள். இவளுக்கு இதைச் செய்தது நான், என்று நினைத்தாள். பதினோரு வருடம் முன்னால் ஒரு தாயின் வலியை எடுத்தவளும் நான், இன்று ஒரு தாய்க்கு வலியைத் திருப்பித் தந்தவளும் நான்; இரண்டுக்கும் இரக்கம் என்றுதான் பெயர். குற்ற உணர்ச்சி இருக்கும் என்று எதிர்பார்த்தாள், இருந்தது. அதற்கடியில் எதிர்பாராத வேறொன்றும் இருந்தது. அந்த அலறலைக் கேட்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

பன்னிரண்டரை மணிக்கு, இயக்ககத்தின் தரைத்தளத்தில் காப்பி இயந்திரத்தைச் சற்று நகர்த்திவிட்டுத் தெய்வநாயகம் ஜன்னல் பலகையைக் கழற்றினார். முத்திரை எங்கே இருக்கிறது என்று தேடவே அரை மணி ஆயிற்று. பழைய பீரோவில், எலி கடித்த பதிவேட்டுக்கு அடியில் இருந்தது. பூங்கோதை முதலில் சத்தியம் செய்தாள். அன்னபாக்கியத்தால் நிற்க முடியவில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். உள்ளங்கையில் உப்பை வைத்ததும் அது கண்ணீரிலும் வியர்வையிலும் கரைய ஆரம்பித்தது.

"என் மனம் ஆறல," என்றாள். சட்டத்தில் எழுதியிருக்கிறபடி சொல்லவில்லை. தெய்வநாயகம் திருத்தவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு முத்திரையைக் குத்தினார்.

ஒன்று நாற்பதுக்கு மூன்றாவது வார்ப்புக் கூடத்தின் உலைகளை அணைத்தார்கள். ஒன்று நாற்பத்தைந்துக்கு மாசிலாமணி கூப்பிட்டார். "என்ன காரியம் பண்ணிட்ட தமயந்தி! நாளைக்குப் பேப்பர்ல வந்தா இன்னும் நூறு பேர் கெளம்புவாங்க. எல்லாரும் முறிவு மருந்து கேப்பாங்க!"

"கேக்கட்டும் சார்."

"உன்மேலயே விசாரணை வரும்."

"அதுக்கான படிவத்தத்தான் நிரப்பிக்கிட்டிருக்கேன்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

விசாரணைப் படிவம் நாலு பக்கம். கூடத்தின் பெயர், உலைகளின் எண்ணிக்கை, குழாய் எப்போது போட்டது எல்லாவற்றையும் எழுதிமுடித்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தாள். 'இதே கூடத்தில் இதே காரணத்தால் முன்பு மரணம் நிகழ்ந்ததுண்டா?' என்று கேட்டிருந்தது. உண்டு என்று எழுதி, மகனின் பெயரையும் வயதையும் எழுதினாள். எழுத்து ஒழுங்காகவே வந்தது. கை நடுங்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். நடுங்கவில்லை.

அடுத்த கேள்வி: 'ஆம் எனில், அப்போது முறையீடு செய்யப்படாததற்குக் காரணம்?'

ஆறுதல் ஊசி போடப்பட்டிருந்தது என்று எழுதினாள். யாரும் கேள்வி கேட்க முடியாத பதில். சட்டப்படியும் சரி, அந்தப் பதினாறு நாளும் அவள் உடம்பில் மருந்து இருந்தது. மை காய்வதற்குள் அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். இருந்த சிறிய இடத்தில், அடித்த வரிக்குக் கீழே, தெளிவாக எழுதினாள்:

'நன்றாக இருந்தோம். கேட்கத் தோன்றவில்லை.'